ஒரே மாதிரி இரண்டு துணி: போர்க்காலத்தது எது?

பழைய ராணுவப் பொருட்கள் விற்கும் இணைய ஏலங்களைப் பார்க்கத் தொடங்கியவர்களை ஒரு விஷயம் குழப்பும். பச்சையும் பழுப்புமாகக் கூர்முனைத் திட்டுகள் அச்சிட்ட இரண்டு முக்கோணத் துணிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஓரமெங்கும் பொத்தான்கள், காஜாக்கள். ஒன்று நல்ல நிலையில் மலிவாக இருக்கும். மற்றொன்று கிழிந்து, ஒட்டுப்போட்டு, கறை படிந்திருக்கும், ஆனால் விலையோ பல மடங்கு. படத்தை மட்டும் பார்த்தால் இந்தக் கணக்கு விளங்காது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்து உருமறைப்புக் கூடாரத் துணிகளையும் அவற்றோடு வந்த களப் பொருட்களையும் உலகெங்கும் பலர் சேகரிக்கிறார்கள். அந்தத் துணி எதற்காகப் பிறந்தது, யார் நெய்தது, யார் தைத்தது, களத்தில் என்ன பட்டது என்று தெரிந்தால்தான் அசலையும் போலியையும் பிரிக்க முடியும். விலை ஏன் அப்படி என்பதும் அப்போதுதான் புரியும். அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

கூடாரத்தை ஆளுக்கொரு துண்டாகப் பிரித்தது ஏன்?

ரோமானியப் படையில் எட்டுப் பேருக்கு ஒரு தோல் கூடாரம். அதைக் கோவேறு கழுதை சுமந்தது. பிற்காலப் படைகளில் வண்டிகள் சுமந்தன. வண்டி பின்தங்கினால் சிப்பாய்க்கு அன்றிரவு வானமே கூரை. 19ஆம் நூற்றாண்டில் இதற்கு ஒரு எளிய விடை கிடைத்தது. கூடாரத்தையே துண்டுகளாக்கி ஒவ்வொரு சிப்பாயின் முதுகிலும் ஒரு துண்டை ஏற்றிவிடுவது. அல்ஜீரியாவில் போரிட்ட பிரெஞ்சுப் படைகள் இந்த முறையைப் பெரிய அளவில் பழக்கப்படுத்தின. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அரைக் கூடாரம் வந்தது. ஒருவரிடம் ஒரு பாதி, நண்பரிடம் மறு பாதி, இரண்டையும் பொத்தான் போட்டு இணைத்தால் இருவர் படுக்கலாம்.

ஜெர்மானியப் படையில் 1892இலிருந்து சதுரத் துண்டு இருந்தது. 1931இல் அதற்குப் பதிலாக முக்கோணத் துண்டு வந்தது. இன்று சேகரிப்பாளர்கள் அதிகம் பேசுவது இந்த முக்கோணத்தைப் பற்றித்தான். ஜெர்மன் மொழியில் இதன் பெயர் செல்ட்பான். ‘செல்ட்’ என்றால் கூடாரம், ‘பான்’ என்றால் துணிப் பட்டை.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நாம் கூடாரம் என்றதும் கல்யாணப் பந்தல் அளவுக்கோ, சாரணர் முகாம் அளவுக்கோ நினைப்போம். இது அப்படியல்ல. தனி ஆளுக்கு இது மழைக்கோட்டு, படுக்கை விரிப்பு, மறைவுத் திரை. நான்கு பேர் சேர்ந்தால்தான் கூடாரம். அதனால் இதைக் ‘கூடாரத் துணி’ என்றே இக்கட்டுரையில் சொல்கிறேன்.

உருமறைப்பு துணியில் ஏறிய கதை

படைகள் மறைந்துகொள்வது புதிதல்ல. ஆனால் அதற்கென்றே ஒரு பிரிவை அமைத்து, ஓவியர்களை வேலைக்கு எடுத்தது முதல் உலகப் போரில்தான். 1915இல் பிரெஞ்சுப் படை அப்படி ஒரு பிரிவைத் தொடங்கியது. அதை நடத்தியவர் கிரான் த செவோலா என்ற ஓவியர். அந்தப் பிரிவின் சின்னம் பச்சோந்தி. அவர்கள் பீரங்கிக்கும் பதுங்கு குழிக்கும் வண்ணம் பூசினார்கள், பொய் மரங்கள் செய்தார்கள், வலை விரித்தார்கள். 1918இல் ஜெர்மானியர்கள் தலைக்கவசங்களின் மேல் பச்சை, பழுப்பு, மஞ்சள் திட்டுகளைக் கறுப்புக் கோட்டால் பிரித்துத் தீட்டினார்கள். எல்லாமே கைவேலை.

கையால் தீட்டுவதை விட்டு, ஆலையில் அச்சடித்து, படை முழுவதற்கும் ஒரே மாதிரி வழங்கிய முதல் நாடு இத்தாலி. ஆண்டு 1929. அந்த அச்சை அவர்கள் சட்டையில் போடவில்லை, கூடாரத் துணியில் போட்டார்கள். இதைக் கவனிக்க வேண்டும். இன்று உலகின் எல்லா ராணுவச் சீருடைகளிலும் காணும் அச்சு உருமறைப்பின் மூதாதை சட்டையல்ல, கூடாரத் துணி. ஜெர்மனியிலும் அதே வரிசைதான். 1931இன் முக்கோணத் துணியில் முதலில் வந்த அச்சுதான் பின்னர் வான்குடை வீரர்களின் மேலங்கிக்கும் தலைக்கவச உறைக்கும் போனது.

கண்ணை எது ஏமாற்றுகிறது? இரண்டு வேலைகள் நடக்கின்றன. பின்னணியின் நிறத்தோடு கலப்பது ஒன்று. அதைவிட முக்கியமானது, உடலின் வெளிக்கோட்டை உடைப்பது. மனிதக் கண் முதலில் தேடுவது தலை, தோள், கை என்ற வடிவத்தை. தோளின் நடுவில் கரும்பழுப்புத் திட்டு ஒன்று கூர்மையாக வெட்டிச் சென்றால், அந்தக் கோடு இரண்டாகி, தோள் என்று மூளைக்குத் தோன்றுவதில்லை. ஆனால் தொலைவு கூடக்கூடச் சிறிய திட்டுகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே மங்கல் நிறமாகிவிடும். எனவே எந்தத் தொலைவுக்கு எந்த அளவுத் திட்டு என்பதுதான் அச்சு வடிவமைப்பாளரின் கவலை.

ஜெர்மன் முக்கோணம்: ஒரு துணி, பல வேலை

1931 மாதிரித் துணியின் அடிப்பக்கம் சுமார் 250 செ.மீ., மற்ற இரண்டு பக்கங்களும் சுமார் 203 செ.மீ. நெருக்கமாக நெய்த பருத்தித் துணி, நீர் எளிதில் ஊடுருவாதபடி பதப்படுத்தியது. அச்சு இரண்டு பக்கமும் உண்டு. ஒரு பக்கம் அடர்நிறம், மறுபக்கம் வெளிர்நிறம். வெளிர் மணல்நிறத் தளத்தில் பச்சை, பழுப்புப் பலகோணத் திட்டுகள். அவற்றின் மேல் மெல்லிய மழைக்கோடுகள் போலக் குட்டிக்குட்டிப் பச்சைக் கீறல்கள். இந்த அச்சுக்கு ‘சில்லு அச்சு’ என்று பொருள்படும் ஜெர்மன் பெயர், ஸ்ப்ளிட்டர்முஸ்டர்.

ஒவ்வொரு சிப்பாய்க்கும் துணியோடு ஒரு கழித்துண்டு, இரண்டு முளைகள், இரண்டு மீட்டர் கயிறு, இவற்றைப் போட ஒரு சிறு பை கொடுக்கப்பட்டன. நான்கு பேர் சேர்ந்தால் நான்கு கழித்துண்டுகள் ஒரு நடுக்கம்பமாகும், எட்டு முளைகள் தரையைப் பிடிக்கும், நான்கு முக்கோணங்கள் கூம்பாகச் சேரும். கூடுதல் துணிகளை இணைத்துப் பெரிய கூடாரமும் போட்டார்கள்.

நடுவில் ஒரு திறப்பு உண்டு. தலையை அதில் நுழைத்து, ஓரப் பொத்தான்களை வெவ்வேறு விதமாகப் போட்டால் நடப்பவருக்கு ஒரு வடிவம், மிதிவண்டியில் போகிறவருக்கு இன்னொன்று, குதிரைக்காரருக்கு வேறொன்று. காயம்பட்டவரைத் தூக்க அதே துணி. ஆற்றைக் கடக்கும்போது வைக்கோலும் சருகும் நிரப்பிக் கட்டினால் மிதவை. இறந்த சிப்பாயைப் புதைக்கும்போது சுற்றியதும் பெரும்பாலும் இந்தத் துணியில்தான். போர்க்கள ஓரத்துக் கல்லறைகளைத் தோண்டுகிறவர்கள் எலும்போடு பொத்தான் வரிசையையும் காண்பது அதனால்தான்.

இந்தக் கடைசிப் பயனை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் நல்லது. கறை, கிழிசல் என்று ஏலக் குறிப்பில் ஒரு வரியில் முடிந்துபோகும் விஷயம் சில சமயம் அதைவிடப் பெரியது.

மற்ற நாடுகளில் என்ன இருந்தது?

இத்தாலியின் 1929 துணி மூன்று நிறம்: பச்சை, பழுப்பு, மஞ்சள் காவி. 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்தபோது ஜெர்மானியர்கள் இந்தத் துணியைக் கிடங்கு கிடங்காகக் கைப்பற்றி அதிலேயே சீருடை தைத்துக்கொண்டார்கள். 1944இல் நார்மண்டியில் எடுத்த படங்களில், நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான எஸ்எஸ் வீரர்கள் இத்தாலியத் துணியில் நிற்பதைக் காணலாம். ஒரு நாட்டின் துணி இன்னொரு நாட்டின் சீருடையானதால் சேகரிப்பில் பிறக்கும் குழப்பங்கள் ஏராளம்.

அமெரிக்கத் தரைப்படையின் அரைக் கூடாரம் பெரும்பாலும் அச்சில்லாத ஆலிவ் நிறக் கேன்வாஸ். போரின் நடுவில், ஒரு முனை மட்டும் மூடிய பழைய மாதிரிக்குப் பதிலாக இரு முனையும் மூடிய மாதிரி வந்தது. அமெரிக்கக் கடற்படையின் மரீன் பிரிவுக்குத்தான் அச்சுத் துணி. ஒரு பக்கம் தவளைத்தோல் போன்ற பச்சைத் திட்டு அச்சு, மறுபக்கம் பழுப்பு. வடிவமைத்தவர் நார்வெல் கில்லெஸ்பி, தோட்டக்கலை எழுதிவந்தவர். இலை நிழலைத் தினமும் பார்த்தவரை இந்த வேலைக்குத் தேர்ந்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

சோவியத் படையின் மழைக்கோட்டுக் கூடாரம் சுமார் 180 செ.மீ. சதுரம், அச்சில்லாத காக்கி. அதே வடிவம் போருக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. எனவே சந்தையில் ‘போர்க்காலத்தது’ என்று வருபவற்றில் 1950களுக்கும் அதற்குப் பிந்திய காலத்துக்கும் உரியவையே அதிகம்.

பிரிட்டிஷ் படை இந்தத் துண்டுக் கூடார முறையை அவ்வளவாக நம்பவில்லை. ரப்பர் பூசிய தரைவிரிப்பே அவர்களுடைய மழைக்கோட்டு. மறைப்புக்கு வலை. அந்த வலையில் கட்டிய பட்டைகள் சணல் துணி, அதாவது நம் வங்கத்துச் சணல்.

ஏன் இவ்வளவு குறைவாக மிஞ்சின?

பதக்கத்தைப் பெட்டியில் பத்திரமாக வைப்பார்கள். கூடாரத் துணியை யாரும் அப்படி வைப்பதில்லை. போர் நடக்கும்போதே படைத் தையல்காரர்கள் அதை வெட்டி மேலங்கியும் தலைக்கவச உறையும் செய்தார்கள். போர் முடிந்த ஜெர்மனியில் துணிப் பஞ்சம். அகதிகளும் சாதாரணக் குடும்பங்களும் கிடைத்த ராணுவத் துணியையெல்லாம் பிள்ளைகளுக்குச் சட்டையாகவும் முதுகுப் பையாகவும் ஆக்கினார்கள். விவசாயிகள் வண்டிக்கு மூடினார்கள். வெயிலும் மழையும் பட்டு எஞ்சியது இற்றுப்போனது.

முழுத் துணி கிடைப்பது கடினம் என்றால், அதன் துணைப் பொருட்களோடு ஒரே சிப்பாயிடமிருந்து வந்தது என்று நிரூபிக்க முடிகிற தொகுதி கிடைப்பது இன்னும் கடினம். முளைகளும் கழிகளும் பையும் தனித்தனியே பிரிந்து, பிற்காலத்தில் வியாபாரிகளால் மறுபடி ஒன்று சேர்க்கப்பட்டவைதான் அதிகம். ஒவ்வொரு பொருளும் அசலாக இருந்தாலும், தொகுதி அசல் தொகுதி ஆகாது. விற்பவர் இதைச் சொல்லாமல் விட்டால் அது பொய்க்கு மிக அருகில் வரும்.

துணியைப் படிப்பது எப்படி?

எந்த ஒரு சோதனையும் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது. கீழே உள்ள எல்லாமே சாட்சிகள். சாட்சிகள் ஒன்றையொன்று ஆதரிக்கிறார்களா என்று பார்ப்பதுதான் வேலை.

1. முத்திரை. தயாரிப்பாளர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவை ஓரத்தில் மையால் அடிக்கப்பட்டிருக்கும். போரின் பிற்பாதியில் ஜெர்மன் பொருட்களில் ஆலையின் பெயருக்குப் பதில் ஒரு நீண்ட எண் வந்தது. குண்டுவீசும் எதிரிக்கு ஆலை இருக்கும் இடம் தெரியக்கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம். பழைய மை நூலுக்குள் இறங்கி, துணி தேயும்போது தானும் சேர்ந்து தேய்ந்திருக்கும். தேய்ந்த துணியில் பளிச்சென்ற முத்திரை இருந்தால் கவனமாக இருங்கள். போலி செய்பவருக்கு மிகச் சுலபமான வேலை முத்திரை அடிப்பதுதான்.

2. பொத்தானும் வளையமும். ஜெர்மன் துணியில் முதலில் அலுமினியப் பொத்தான். விமானத் தொழிலுக்கு அலுமினியம் தேவைப்பட்டதால் பின்னர் எஃகும் துத்தநாகமும் வந்தன. 1943 முத்திரை குத்திய துணியில் எல்லாமே புத்தம்புது அலுமினியம் என்றால் கேள்வி கேட்க வேண்டும். எஃகுப் பொத்தான் பல ஆண்டு ஒரே இடத்தில் இருந்தால் அடியில் துரு வட்டம் விட்டிருக்கும். பொத்தான் துருப்பிடித்திருந்து, அடித்துணி சுத்தமாக இருந்தால் அந்தப் பொத்தான் பிற்பாடு வந்தது.

3. தையல் நூல். தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு நூலின் நுனியைத் தனியே எடுத்து எரித்துப் பார்க்கலாம். துணியை அல்ல. பருத்தி எரிந்த காகித வாசனையோடு மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி, குளிர்ந்ததும் கெட்டிக் குமிழாகும். பாலியெஸ்டர் இழை கண்டுபிடிக்கப்பட்டது 1941இல் பிரிட்டனில். சந்தைக்கு வந்தது போருக்குப் பிறகு. எனவே ஜெர்மன் துணியின் மூலத் தையலில் பாலியெஸ்டர் என்றால் அது போர்க்காலத்தது அல்ல. ஆனால் ஒரு எச்சரிக்கை: பருத்திப் பற்றாக்குறையால் ஜெர்மனி மரக்கூழ் இழையைத் தாராளமாகக் கலந்தது. பருத்தி இல்லை என்பதற்காக மட்டும் போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது.

4. புற ஊதா விளக்கு. இருட்டறையில் இந்த விளக்கின்கீழ் துணியோ நூலோ நீலவெள்ளையாக ஒளிர்ந்தால், அதில் ஒளிரூட்டும் வேதிப்பொருள் இருக்கிறது. இந்தப் பொருட்கள் போருக்குப் பிறகுதான் ஆலைகளிலும் சோப்புத் தூளிலும் பரவலாயின. பலர் இதையே கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. அசல் துணியை யாராவது ஒருமுறை இன்றைய சோப்புத் தூளில் துவைத்திருந்தால் அதுவும் ஒளிரும். ஒளிரவில்லை என்பதாலும் அசலாகிவிடாது, ஒளிரூட்டி இல்லாத பருத்தி இன்றும் கிடைக்கிறது. தையல் நூல் மட்டும் ஒளிர்ந்து துணி ஒளிராவிட்டால், அந்தத் தையல் பிற்காலத்தது என்று ஊகிக்கலாம். இந்த ஊகம் பயனுள்ளது.

5. அச்சு. ஆலையில் உருளையால் அடித்த அச்சில், குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை அதே வடிவம் திரும்ப வரும். அந்த இடைவெளியும், திட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் வரிசையும் நிச்சயமான அசலோடு ஒத்துப்போக வேண்டும். இங்கே அருங்காட்சியகப் பொருட்களின் தெளிவான படங்கள்தான் துணை.

6. தேய்மானம் எங்கே இருக்கிறது? இதுதான் எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் சாட்சி. அசல் துணியில் மடிப்பு வரியில், காஜா ஓரத்தில், முளை மாட்டும் வளையத்தைச் சுற்றி, கழுத்துத் திறப்பில் தேய்மானம் இருக்கும். பொத்தானுக்கு அடியிலும் தையல் மடிப்புக்குள்ளும் நிறம் மங்காமல் இருக்கும். செயற்கையாகப் பழசாக்கிய துணியில் எல்லா இடமும் ஒரே அளவு மங்கியிருக்கும். தேநீரிலோ சாயத்திலோ ஊறவைத்திருந்தால் தையல் நூலும் துணியும் ஒரே நிறம் ஏறியிருக்கும்.

7. பழுதுபார்த்த இடம். ராணுவக் கிடங்கில் போட்ட ஒட்டு, சிப்பாய் ஊசியெடுத்துப் போட்ட தையல், பிற்காலத்தில் விவசாயி போட்ட தையல் மூன்றும் வெவ்வேறு. ஒட்டுத்துணியின் அச்சு வேறொரு ஆண்டு மாதிரியாக இருந்தால் அது பெரும்பாலும் நல்ல அறிகுறி. இவ்வளவு பொறுமையோடு பொய் சொல்கிறவர் குறைவு.

ஏமாற்று இல்லாமலும் ஏமாறலாம்

போலி என்பது ஏமாற்றச் செய்தது. ஆனால் குழப்பத்தில் பெரும்பங்கு நேர்மையான பிற்காலப் பொருட்களால் வருகிறது. மேற்கு ஜெர்மனியின் எல்லைக் காவல்படை 1950களில் ‘சதுப்பு அச்சு’ என்ற போர்க்கால ஜெர்மன் அச்சிலிருந்து பிறந்த ஓர் அச்சுத் துணியைப் பயன்படுத்தியது. புதிய மேற்கு ஜெர்மன் படையும் தொடக்கத்தில் சில்லு அச்சு ஒன்றை எடுத்துக்கொண்டது. பல்கேரியாவிலும் சில்லு அச்சு தொடர்ந்தது. கிழக்கு ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் தங்கள் அச்சில் கூடாரத் துணி வழங்கின. அமெரிக்காவில் 1950களில் வந்த ‘மிட்செல்’ அச்சு அரைக் கூடாரத்தை, போர்க்கால மரீன் துணி என்று நினைத்து வாங்குகிறவர்களும் உண்டு. இவற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு, விலையும் குறைவு. புதிதாகத் தொடங்குபவர் இவற்றில் ஒன்றை வாங்கிக் கையில் வைத்துப் பழகுவது நல்ல வழி. இதற்கு அப்புறம், திரைப்படக் குழுக்களுக்கும் வரலாற்று நடிப்புக் குழுக்களுக்கும் தைத்த நகல்கள். நகல் என்றே விற்றால் அதில் தவறில்லை. மூன்றாவது கை மாறும்போது ‘நகல்’ என்ற சொல் உதிர்ந்துவிடுவதுதான் சிக்கல்.

எஸ்எஸ் துணியும் அதைத் தைத்த கைகளும்

சந்தையில் மிக அதிக விலை போவது எஸ்எஸ் அமைப்பின் போர்ப் பிரிவான வாஃபென்-எஸ்எஸ் படையின் அச்சுகள். மியூனிக்கைச் சேர்ந்த பேராசிரியர் யோஹான் கியோர்க் ஓட்டோ ஷிக், கோடையிலும் இலையுதிர் காலத்திலும் மரங்களுக்கிடையே ஒளி எப்படி விழுகிறது என்று ஆராய்ந்து இவற்றை உருவாக்கினார். ஒரு பக்கம் வசந்தகாலப் பச்சை, மறுபக்கம் இலையுதிர் காலப் பழுப்பு. 1937இல் நடந்த சோதனைகளுக்குப் பின் உயிரிழப்பு 15 சதவீதம் குறையும் என்று எஸ்எஸ் தரப்பில் மதிப்பிட்டார்கள். வடிவமைப்பாக மட்டும் பார்த்தால் வியக்கத்தக்க வேலை.

வடிவமைப்பாக மட்டும் பார்க்க முடியாது என்பதுதான் என் கருத்து. 1940இல் எஸ்எஸ் அமைப்பு டெக்ஸ்லெட் என்ற துணி, தோல் நிறுவனத்தை உருவாக்கி, டாக்காவ், ராவென்ஸ்ப்ரூக் வதைமுகாம்களில் நடத்தியது. ராவென்ஸ்ப்ரூக் பெண்களுக்கான முகாம். அங்கே அடைக்கப்பட்ட பெண்கள் பசியோடும் அடியோடும் வாஃபென்-எஸ்எஸ் சீருடைகளைத் தைத்தார்கள். தையலின் இடைவெளியைப் பூதக்கண்ணாடியில் எண்ணும் சேகரிப்பாளர், அந்த ஊசியைப் பிடித்திருக்கக்கூடிய கை யாருடையது என்பதையும் தன் பதிவேட்டில் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டு ‘அரிய அச்சு, சிறந்த நிலை’ என்று மட்டும் எழுதும் பட்டியல்கள் எனக்கு வருத்தம் தருகின்றன. அரும்பொருளாக விற்கப்படும் அதே துணி ஒரு குற்றத்தின் தடயமும்கூட.

நடைமுறை விளைவும் உண்டு. விலை எங்கே அதிகமோ அங்கே போலியும் அதிகம். எஸ்எஸ் அச்சு என்று வரும் எதையும் முதலில் சந்தேகத்தோடு பார்ப்பதே முறை.

சட்டம் எங்கே குறுக்கிடுகிறது?

ஜெர்மனியின் குற்றவியல் சட்டம் 86அ பிரிவு, தடைசெய்யப்பட்ட அமைப்புகளின் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதைக் குற்றமாக்குகிறது. கல்வி, ஆய்வு, கலை போன்ற நோக்கங்களுக்கு விலக்கு உண்டு. அச்சுத் துணியில் பொதுவாகச் சின்னம் இருக்காது. ஆனால் முத்திரையில் கழுகும் சுவஸ்திகாவும் இருக்கலாம், பக்கிளிலும் இருக்கலாம். பெரிய இணையச் சந்தைகள் நாஜிச் சின்னங்கள் கொண்ட பொருட்களுக்குத் தாமாகவே தடை வைத்திருக்கின்றன.

உருமறைப்பு ஆடை விஷயத்தில் சில நாடுகள் இன்னும் கடுமை. பார்படோஸ், ஜமைக்கா போன்ற இடங்களில் படையினரல்லாதவர்கள் அதை அணிவதே குற்றம், சுற்றுலாப் பயணியானாலும் சரி. இந்தியாவில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆம் பிரிவு, தன்னைப் படைவீரர் என்று நம்பவைக்கும் நோக்கத்தோடு படையினரின் உடையையோ அடையாளத்தையோ அணிவதைத் தண்டிக்கிறது. மூன்று மாதம் வரை சிறையோ இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ. இங்கே நோக்கம்தான் முக்கியம். பழைய துணியை மரச்சட்டத்தில் பொருத்தி வீட்டுச் சுவரில் மாட்டுவது வேறு, அணிந்து சோதனைச் சாவடிக்கு முன் நிற்பது வேறு.

மண்ணிலிருந்து தோண்டியெடுத்த பொருட்கள் தனிக் கதை. போர்க்களத்தில் அனுமதியில்லாமல் தோண்டுவது பல நாடுகளில் குற்றம். வெடிக்காத குண்டுகள் இன்னும் உயிர் குடிக்கின்றன. அடையாளத் தகட்டை எடுத்துக்கொண்டு எலும்பை விட்டுவந்தால் ஒரு மனிதர் என்றென்றைக்கும் பெயரில்லாதவர் ஆகிவிடுகிறார். அப்படி வந்த பொருளை வாங்காதீர்கள்.

துணியோடு வரும் ஆபத்துகள்

களப் பொருள் என்றால் துணி மட்டுமல்ல. இரண்டு பொருட்களில் நிஜமான அபாயம் இருக்கிறது.

முதலாவது, நச்சுவாயு முகமூடி. அக்காலத்து வடிகட்டிகள் பலவற்றில் கல்நார் இருந்தது. மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலுக்குக் கேடு. பிரிட்டனில் பள்ளிகளில் மாணவர்களுக்கு இவற்றை அணிவித்துக் காட்டும் வழக்கம் இருந்து, சுகாதாரப் பாதுகாப்பு அதிகாரிகள் எச்சரித்தார்கள். குழந்தைகள் முகத்தில் மாட்டிப் படமெடுக்கும் ஆசை வரும். வேண்டாம்.

இரண்டாவது, இருட்டில் தெரியும்படி ரேடியம் பூசிய திசைகாட்டி, கடிகாரம், அளவி. ரேடியம்-226 பாதியாகக் குறைய சுமார் 1600 ஆண்டுகள் ஆகும். பூச்சு ஒளிர்வதை நிறுத்தியிருக்கலாம், கதிர்வீச்சு நிற்கவில்லை. மூடியிருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. கண்ணாடியைத் திறந்து சுரண்டினால் தூள் மூச்சில் போகும்.

துணியிலும் பூஞ்சை வராமல் இருக்க அன்று செம்பு உப்புகளும் வேறு நச்சுப் பொருட்களும் ஏற்றினார்கள். கையுறை போட்டுத் தொடுவது துணிக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

வைத்திருப்பது

முதல் விதி: துவைக்காதீர்கள். கறையும் மண்ணும் சாட்சிகள், துவைத்தால் திரும்ப வராது. சாயமும் ஓடும், நீர் ஏறாமல் காத்த பூச்சும் போகும். குழாயின் முனையில் மெல்லிய வலைத்துணி கட்டிய தூசி உறிஞ்சும் கருவியால் தூசியை மட்டும் எடுக்கலாம்.

மடித்து வைத்தால் மடிப்பில் இழை முறியும். அமிலமில்லாத தாள் சுற்றிய உருளையில் சுருட்டுவது நல்லது. வெளிச்சம்தான் சாயத்தின் பெரிய எதிரி, காட்சிக்கு வைக்கும் துணிக்கு அருங்காட்சியகங்கள் வழக்கமாக வைக்கும் உச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி ஏறி இறங்காமல் இருந்தால் சிறப்பு. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் அது சுலபமல்ல. தகரப் பெட்டி ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும், எஃகுப் பொத்தானும் துருவேறும். சிலிக்கா மணிகளை மாற்றி மாற்றிப் போடுங்கள். ராமபாணப் பூச்சி கண்ணில் பட்டால் பூச்சிமருந்து தெளிக்காமல், காற்றுப் புகாத உறையில் போட்டு ஆழ்குளிர்ப் பெட்டியில் ஒரு வாரம் வைப்பது பாதுகாப்பு. ரப்பர் பூசிய பிரிட்டிஷ் தரைவிரிப்புகளை மட்டும் குளிரில் வைக்கவோ சுருட்டவோ வேண்டாம். அவை ஒட்டிக்கொள்ளும் அல்லது உடையும், விரித்தே வையுங்கள்.

அப்புறம் பதிவு. யாரிடம், எப்போது, எந்த ஊரில் கிடைத்தது, என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்பதை அன்றே எழுதுங்கள். துணியின் இரு பக்கமும், முத்திரை, ஒவ்வொரு ஒட்டு, ஒவ்வொரு பொத்தான் எல்லாவற்றையும் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். சொன்ன கதையை ‘சொன்னது’ என்றும், கண்ணால் பார்த்ததைப் ‘பார்த்தது’ என்றும் தனித்தனியே எழுத வேண்டும்.

நம் வீடுகளிலும் இப்படி ஏதாவது இருக்கலாம். மதராஸ் சாப்பர்ஸ் போன்ற பிரிவுகளில் பர்மா களத்துக்குப் போய்வந்த தாத்தாக்களின் டிரங்குப் பெட்டிகள் சில குடும்பங்களில் திறக்கப்படாமல் கிடக்கின்றன. அதில் ஒரு கேன்வாஸ் பையோ பட்டையோ கிடைத்தால் அகன்ற அம்புக்குறியைத் தேடுங்கள். அம்பு பிரிட்டிஷ் அரசுடைமையின் குறி. அதோடு ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து சேர்ந்திருந்தால் இந்தியாவில் செய்தது. ‘சி’ எழுத்துக்குள் அம்பு இருந்தால் கனடாவில் செய்தது. பக்கத்தில் ஆண்டும் இருக்கும். பெட்டியை வெயிலில் காயவைப்பதற்கு முன், துணியை உதறுவதற்கு முன், எது எதன்மேல் எப்படி மடித்து வைக்கப்பட்டிருந்தது என்று ஒரு படம் எடுத்துவிடுங்கள்.